காம்ரேட்ஸ் ஓட்டத்துக்கு முன் என்ன கேட்பது: டர்பன் தொடக்கக் கோட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

காம்ரேட்ஸ் என்பது தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே நடக்கும் நெடுந்தூரச் சாலை ஓட்டம்; சில ஆண்டுகளில் டர்பனிலிருந்து மேலேறும், சில ஆண்டுகளில் டர்பனுக்கு இறங்கும். டர்பன் நகர மண்டபத்தின் முன்னால், விடியாத காலையில், ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் இடித்து நிற்கும்போது ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். அடுத்து ஷோஷோலோசா. வடக்கே இருந்து தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கு ரயிலேறி வந்த தொழிலாளர்களின் பாட்டு அது. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து வாங்கிப் பாடுவார்கள். அதன்பின் வாஞ்செலிஸ் 1981இல் ‘சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்துக்குப் போட்ட இசை. கடைசியில் ஒரு சேவல் கூவும். மேக்ஸ் டிரிம்போர்ன் என்ற உள்ளூர் ஓட்டக்காரர் 1948இல் படபடப்பு அடங்காமல் கையைக் குவித்துக் கூவியதில் தொடங்கிய வழக்கம் இது. கூவல் முடிந்ததும் துப்பாக்கி வெடிக்கும்.

காம்ரேட்ஸுக்குப் பாட்டுப் பட்டியல் போடுகிறவர் இந்த நான்கையும் தம் பட்டியலின் கடைசி நான்கு உருப்படிகளாகக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. கேட்காமல் தப்பவும் முடியாது. அதற்கு முந்தைய இரண்டரை மணி நேரத்தில் எதைக் கேட்பது, எப்போது நிறுத்துவது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஓட்டக்காரர்

இவர் தனியொருவர் அல்லர். டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த ஓட்டக்காரர்களிடம் காணக்கூடிய பழக்கங்களை ஒரே ஆளில் சேர்த்து அமைத்த மாதிரி. வயது நாற்பதை ஒட்டி. வீட்டுப் பேச்சு ஆங்கிலம். தமிழ் காதில் விழுவது கோயிலிலும், லோட்டஸ் எஃப்.எம்.மிலும், அப்பா அம்மா சேர்த்துவைத்த பழைய பாட்டுகளிலும். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவர். டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கு ஏறும் ஆண்டின் ஓட்டம், ஏறத்தாழ 87 கிலோமீட்டர். மொத்த அவகாசம் 12 மணி நேரம். இவர் குறிவைத்தது 11 மணி நேரத்துக்குள் கிடைக்கும் வெண்கலப் பதக்கம். அதற்குச் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 35 விநாடி போதும்.

இவருடைய பட்டியல் ஒன்றரை மணி நேரம். முழுக்கக் குத்துப் பாட்டு, நடுவில் உறுமி மேளம், கடைசியில் டர்பனிலேயே பிறந்த கோம் இசை. எல்லாமே நிமிடத்துக்கு 120 தட்டுக்கு மேல். காரை மைத்துனர் ஓட்ட, வீட்டு வாசலிலிருந்தே உச்ச ஒலி, இறங்கியதும் இயர்போன்.

முதல் 15 கிலோமீட்டரை இவர் கிலோமீட்டருக்கு 6:30 வேகத்தில் ஓடினார். கோவீஸ் ஹில் ஏறியதே தெரியவில்லை. பைன்டவுனிலிருந்து குளூஃப் வரை நீளும் ஃபீல்ட்ஸ் ஹில்லில் இடையிடையே நடக்க வேண்டும் என்பது திட்டம், நடக்கவில்லை. பாதிவழியான டிரம்மண்டைத் தொட்டபோது கடிகாரம் 5 மணி 5 நிமிடம். திட்டத்தைவிட 25 நிமிடம் முன்னால். டிரம்மண்டை விட்டதுமே வரும் இஞ்சாங்கா ஏற்றத்தில் கால் நின்றது. அதன்பின் பெரும்பகுதி நடை. முடித்த நேரம் 11 மணி 25 நிமிடம்.

இதற்குப் பாட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வெயில், சாப்பாடு, பயிற்சி எல்லாம் உண்டு. ஆனால் ஒரு தடயம் இருக்கிறது. 50, 60 கிலோமீட்டர் பயிற்சி ஓட்டங்களில் இதே ஆள் 7:30 வேகத்தில் ஒழுங்காகத் தொடங்கினார், ஏற்றங்களில் திட்டப்படி நடந்தார். பயிற்சி நாள்களில் அவர் எந்தப் பாட்டும் கேட்டுவிட்டு வரவில்லை. உடம்பும் பாதையும் ஒன்றாக இருக்க, தொடக்கத்துக்கு முந்தைய மணி நேரம்தான் பெரிதும் மாறியிருந்தது. எனவே அதைத்தான் முதலில் சரிசெய்து பார்க்க வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது

உசுப்பு, அதாவது உடலும் மனமும் கிளர்ந்து நிற்கும் நிலை, கூடக் கூடச் செயல்திறன் ஓரளவு வரை ஏறி, அதைத் தாண்டினால் இறங்கும். உளவியலாளர்கள் யெர்க்ஸும் டாட்சனும் 1908இல் சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வந்த கருத்து இது. பிறகு யூரி ஹானின் இன்னொன்றைச் சேர்த்தார்: எல்லோருக்கும் பொதுவான உச்சப்புள்ளி கிடையாது, ஒவ்வொரு வீரருக்கும் தாம் நன்றாகச் செயல்படும் உசுப்பு வட்டம் தமக்கே உரியதாக உண்டு. இவை இரண்டும் விளையாட்டு உளவியல் படித்தவர்களுக்குப் பழைய செய்தி. பாட்டு விஷயத்தில் மட்டும் இதை மறந்துவிடுகிறோம். “ஏத்திவிடுகிற பாட்டு” என்றே தேடுகிறோம்; எவ்வளவு ஏற வேண்டும் என்று கேட்பதில்லை.

எட்டு நிமிடமோ நாற்பது நிமிடமோ நடக்கும் போட்டிக்கும், பதினோரு மணி நேரப் போட்டிக்கும் தேவை வேறு. உசுப்பு ஏறும்போது அட்ரினலின் சுரக்கிறது. அது தசையில் சேமித்த மாவுச்சத்தை வேகமாக உடைக்கத் தூண்டும். தசையிலும் கல்லீரலிலுமாகச் சேர்த்து ஒருவரிடம் இருப்பது ஏறத்தாழ 500 கிராம்தான். 87 கிலோமீட்டருக்கு அது போதாது. வழியில் குடிப்பதும் தின்பதும் இடைவெளியை ஓரளவே நிரப்பும். கூடவே, உசுப்பு நிலையில் முயற்சி உண்மையைவிடக் குறைவாக உணரப்படுகிறது. 6:30 வேகம் 7:30 போலத் தெரிகிறது. பொய்யான அந்த இலகுவை நம்பித்தான் கோவீஸ் ஹில்லில் கால் முந்துகிறது.

இசையின் பலன் எங்கே வலுவாக இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பீட்டர் டெர்ரியும் சக ஆய்வாளர்களும் 2020இல் 139 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடற்பயிற்சியிலும் விளையாட்டிலும் இசையின் தாக்கம் மனநிலையில்தான் அதிகமாகத் தெரிந்தது. செயல்திறனில் அதைவிடக் குறைவு. ஓட்டத்துக்கு முந்தைய இசையை மனநிலையை அமைக்கும் கருவியாகப் பயன்படுத்துவதே நியாயம்.

டர்பன்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு காட்சி உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலின் அரையிறுதிக்கு முன், காத்திருப்பு அறையில் டர்பனில் பிறந்த சாட் லெ குளோஸ் எழுந்து நின்று காற்றில் குத்துவிட்டுக்கொண்டிருந்தார். எதிரே மைக்கேல் ஃபெல்ப்ஸ் ஹெட்ஃபோனோடு முகத்தை இறுக்கி உட்கார்ந்திருந்தார். 2012 லண்டனில் இதே போட்டியில் ஃபெல்ப்ஸை விநாடியில் நூறில் 5 பங்கு வித்தியாசத்தில் வென்றவர் லெ குளோஸ். ரியோ இறுதியில் ஃபெல்ப்ஸ் தங்கம் வென்றார். லெ குளோஸ் நான்காவதாக வந்தார். ஹெட்ஃபோன்தான் வென்றது என்று இதிலிருந்து சொல்லக் கூடாது. ஒருவர் தம்மை அசைவால் மேலே ஏற்றினார், மற்றவர் இசைக்குள் அடங்கி அமர்ந்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடியும் போட்டியிலேயே தயாராகும் வழி ஆளுக்கு ஆள் இவ்வளவு மாறுகிறது.

முதல் வேலை: தன் வட்டத்தைக் கண்டுபிடிப்பது

இரண்டு அளவுகோல் போதும். உசுப்புக்கு 1 முதல் 6 வரை (1 தூக்கம் வருகிற நிலை, 6 உச்சப் படபடப்பு). மனநிலைக்கு −5 முதல் +5 வரை (மிக மோசம் முதல் மிக நன்று). இரண்டும் விளையாட்டு ஆய்வுகளில் பல ஆண்டுகளாகப் பயன்படுபவை. ஒவ்வொரு நீண்ட பயிற்சிக்கும் முன்பு இரண்டு எண்களை எழுதுங்கள்; முடிந்ததும் முதல் 5 கிலோமீட்டரின் வேகத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். ஏழெட்டு ஓட்டங்களில் உருவம் தெளியும். நம் ஓட்டக்காரர் உசுப்பு 2 அல்லது 3, மனநிலை +2 அல்லது +3 என்று இருந்த காலைகளில் திட்ட வேகத்தில் ஓடினார். காம்ரேட்ஸ் காலையில் தொடக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே உசுப்பு 5. அதற்கு மேல் ஷோஷோலோசாவும் சேவலும் வந்தால் 6ஐத் தவிர வேறு எங்கும் போக வழியில்லை.

ஆக, தொடக்கக் கூண்டுக்குள் (ஓட்டக்காரர்களை நிறுத்தும் வேலியிட்ட இடம்) போகும்போது உசுப்பு 2 அல்லது 3. மீதியை அந்தக் கூட்டமே ஏற்றிவிடும். பட்டியலின் இலக்கு இதுதான்.

பாட்டைத் தேர்வது

காஸ்டாஸ் காராகியோர்கிஸும் பீட்டர் டெர்ரியும் ஆண்டி லேனும் 1999இல் இசையின் ஊக்கத் தன்மையை நான்காகப் பிரித்தார்கள்: தாளத்துக்கு உடம்பு தரும் பதில், மெட்டும் இசையமைப்பும், பண்பாட்டுத் தாக்கம், பாட்டோடு ஒட்டிய நினைவு. பின்னாளில் வந்த சுருக்க வினாத்தாள் தாளம், பாணி, மெட்டு, வேகம், வாத்தியங்களின் ஒலி, தட்டு ஆகிய ஆறுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் கேட்கும். மொத்தம் 42. 36 அல்லது அதற்கு மேல் வந்தால் ஊக்கம் மிகுந்த பாட்டு, 24க்குக் கீழே வந்தால் ஊக்கம் தராத பாட்டு. “இந்தப் பாட்டின் தாளம் பயிற்சியின்போது என்னை ஊக்கும்” என்ற வகையில் கேள்விகள் அமைந்திருக்கும். நம் தேவைக்கு அதைக் கொஞ்சம் திருப்ப வேண்டும்: “இதைக் கேட்டபின் நான் நிதானமாகத் தொடங்குவேன்.” திருப்பிக் கேட்டால் 42 வாங்கிய குத்துப் பாட்டு பத்துப் பதினைந்துக்கு இறங்கிவிடும். பாட்டு கெட்டுப்போகவில்லை, வேலை வேறு.

முதலில் சொன்ன நான்கில், டர்பன் அடங்கிய நேட்டால் பகுதித் தமிழர்களுக்கு நான்காவதான நினைவுதான் பெரிது. 1860 நவம்பர் 16 அன்று முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனில் கரைசேர்ந்தது முதல் இன்றுவரை தலைமுறைகள் பல கடந்துவிட்டன. பாட்டின் சொல் பலருக்குப் புரியாது. ஆனால் நாதஸ்வரம் கேட்டால் எந்தக் கோயில், எந்த விழா, யார் பக்கத்தில் நின்றார் என்பது உடனே வரும். சொல் செய்யாத வேலையை நினைவு செய்கிறது. அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே “இது எதை நினைவூட்டுகிறது” என்று ஒரே வரி எழுதிவைக்கச் சொல்கிறோம். உறுமி மேளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காவடி எடுத்த ஒருவருக்கு அது விரதத்தின் கடைசி நாளையும் நிதானமான நீண்ட நடையையும் நினைவூட்டலாம். இன்னொருவருக்கு அருள் வந்து ஆடிய கூட்டத்தை. முதலாமவர் வைத்துக்கொள்ளலாம். இரண்டாமவர் காம்ரேட்ஸ் காலையில் அதைத் தொடக் கூடாது. சாமிப் பாட்டைப் போட்டிக்குப் பயன்படுத்துவதே மனத்துக்கு ஒப்பாதவர்களும் உண்டு. அவர்களை வற்புறுத்தக் கூடாது; உறுத்தலோடு கேட்கும் பாட்டு மனநிலையைக் கீழேதான் இழுக்கும்.

சொல் புரிகிறவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. துள்ளலான மெட்டில் தோற்ற காதலைப் பாடும் திரைப்பாட்டுகள் நம்மிடம் ஏராளம். தட்டு முன்னே தள்ளும், சொல் பின்னே இழுக்கும். பாட்டியிடம் தமிழ் கற்றவர் ஒருவர் பட்டியலைக் கேட்டுப் பார்த்துச் சொன்னால் இது முன்கூட்டியே தெரியும்.

வேகத்தை எண்ணுவது எளிது: 15 விநாடி தொடையில் தட்டி எண்ணி, நான்கால் பெருக்க வேண்டும். செயலிகளை நம்பி மட்டும் இருக்க வேண்டாம். குத்துப் பாட்டு பெரும்பாலும் திஸ்ர நடை. ஒரு தட்டுக்குள் மூன்று துண்டு. உண்மையில் 130 தட்டு ஓடும் பாட்டைச் செயலி 195 என்றோ 87 என்றோ காட்டக்கூடும். 87 என்று நம்பி அமைதிப் பகுதியில் சேர்த்தால் அமைதி அங்கேயே கலையும். திரைப்பாட்டில் இன்னொன்று: பல்லவி ஒரு வேகம், இடையிசையில் வேறு வேகம். கடைசிவரை கேட்காமல் எதையும் சேர்க்கக் கூடாது. மிஸ்ர சாபு போன்ற ஏழின் தாளங்களை உட்கார்ந்து கேட்கலாம். நடக்கவோ மெதுவாக ஓடவோ வேண்டாம். அழுத்தம் ஒரு சுற்றில் வலது காலிலும் அடுத்த சுற்றில் இடது காலிலும் மாறி விழும், நடை தடுமாறும்.

மாற்றி அமைத்த காலை

துப்பாக்கி வெடிப்பதற்கு 150 நிமிடம் முன்: எழுவது, குளியல், விளக்கேற்றல், உணவு. பாட்டு வேண்டாம். வீடு பேசும் ஒலி போதும்.

110 முதல் 80 நிமிடம் முன்: கார். 70 முதல் 90 தட்டு. பழைய திரைமெட்டு, நாதஸ்வரம், எதுவானாலும் சரி. இயர்போன் போட வேண்டாம். குடும்பமும் சேர்ந்து கேட்கட்டும். ஓட்டுகிறவரிடம் முந்தின இரவே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உற்சாகப்படுத்துகிறேன் என்று அவர் குத்துப் பாட்டைப் போடுவார். “மச்சான், இன்னிக்கு மெதுவான பாட்டு மட்டும்” என்ற ஒரு வாக்கியம் போதும்.

80 முதல் 55 நிமிடம் முன்: கழிப்பறை வரிசை, வழவழப்புக் களிம்பு, காலணிக் கயிறு. இங்கே கூட்டத்தின் படபடப்பு ஒட்டிக்கொள்ளும், எனவே இப்போதுதான் இயர்போன். நான்கைந்து பாட்டு, 90 முதல் 105 தட்டு வரை. காவடிச்சிந்து மெட்டு இந்த இடத்துக்கு அருமையாகப் பொருந்துகிறது. சுமையோடு மலையேறுகிறவனின் நடைக்காகப் பிறந்த மெட்டு அது. திஸ்ரமாக இருந்தும் அவசரம் இல்லை.

55 நிமிடம் முன்: நிறுத்தம். முடிவுக்கோட்டுக்கு லாரியில் போகும் பையை ஒப்படைக்க வேண்டும், அல்லது வேலிக்கு வெளியே நிற்கும் வீட்டாரிடம் கைபேசியைக் கொடுத்துவிட வேண்டும். ஒலிக்கருவியோடு ஓடலாம் என்று எண்ண வேண்டாம். உலகத் தடகள அமைப்பின் தொழில்நுட்ப விதி 6 போட்டிக் களத்தில் இத்தகைய கருவிகளை முறையற்ற உதவியாகக் கருதுகிறது. தென்னாப்பிரிக்கச் சாலை ஓட்டங்களிலும் காதுக்கருவி தகுதிநீக்கத்தில் கொண்டுபோய்விடும்.

மிச்சமிருக்கும் கூண்டு நேரம்தான் பலர் திட்டமிடாமல் விடும் பகுதி. கருவி இல்லை, உட்கார இடமில்லை, குளிர். இதற்குத்தான் பட்டியலின் கடைசிப் பாட்டு மனப்பாடமான ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறோம். வாய்க்குள் முணுமுணுக்க வேண்டும். பாடும்போது வெளிமூச்சு நீள்கிறது. நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். ஷோஷோலோசா தொடங்கியதும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமல், எல்லோரோடும் வாய்விட்டுப் பாடுவதும் இதே காரணத்துக்காகத்தான். அந்த நேரத்தில் அழுகை வந்தாலும் தவறில்லை. கால் முந்தாமல் இருந்தால் போதும்.

மனப்பாடப் பாட்டுக்கு இன்னொரு பயன், இந்த மாற்றங்களில் மிக மதிப்புள்ளது என்று நாங்கள் கருதுவது: அது முதல் ஏற்றங்களில் வேகமானியாகிறது. கோவீஸ் ஹில்லிலும் ஃபீல்ட்ஸ் ஹில்லிலும் பாட்டின் ஒரு முழு வரியை ஒரே மூச்சில், உதடு அசைய, சொல்லிப் பார்க்க வேண்டும். வரி நடுவில் அறுந்தால் வேகம் அதிகம். நடக்க வேண்டிய நேரம் அது. ஓடும்போது பேச முடிகிறதா என்று பார்க்கும் பழைய சோதனைதான் இது. ஆனால் பேச்சை மறந்துவிடுவோம், பாட்டு தானாக வரும். பத்துப் பன்னிரண்டு அசைக்குக் குறையாத வரியாகத் தேர்ந்தெடுங்கள். குட்டி வரியை எந்த வேகத்திலும் சொல்லிவிடலாம்.

கருவியில் கெடுவன

இலவசக் கணக்கில் நடுவே விளம்பரம் அலறும். கூட்டத்தில் இணையம் திணறும். எனவே பாட்டுகளை முந்தின நாளே கைபேசியில் இறக்கி, விமான முறையில் ஒருமுறை ஓடவிட்டுச் சரிபார்க்க வேண்டும். பழைய பதிவுகள் ஒலி குறைந்தவை, புதியவை காதை அடைப்பவை. ஒலிச் சமன் வசதியை இயக்காவிட்டால் மெதுவான பாட்டுக்காகக் கூட்டிய ஒலி அடுத்த பாட்டில் அடிக்கும். தானாக வேறு பாட்டைத் தொடரும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒலி அளவு 85 டெசிபெல் என்றால் 8 மணி நேரம் வரை தாங்கலாம்; ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபெலுக்கு 15 நிமிடம்தான். பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்க வேண்டும். கூண்டை மூடும் அறிவிப்பும் அதே காதில்தான் விழ வேண்டும்.

இதே ஆள், 10 கிலோமீட்டர்

டர்பன் கடற்கரைச் சாலையில் 50 நிமிடத்தில் முடிக்க நினைக்கும் 10 கிலோமீட்டருக்கு மேலே சொன்ன பட்டியல் கேடு. அங்கே உசுப்பு 4 அல்லது 5 வேண்டும், அதைத் தரப் பெருங்கூட்டமும் சேவலும் கிடையாது. ஒதுக்கிய குத்துப் பாட்டும் கோமும் இங்கே திரும்பி வரலாம். எலியாகிமும் சக ஆய்வாளர்களும் 2007இல் இளம் கைப்பந்து வீரர்களை 10 நிமிடம் உடலைச் சூடேற்றச் செய்தபோது 140 தட்டு இசை கேட்டவர்களின் உச்ச ஆற்றல் கூடியது. ஆனால் சோதனை முழுவதுக்குமான சராசரி ஆற்றல் கூடவில்லை. தொடக்கத்துக்குப் பயன் உண்டு, இறுதி கிலோமீட்டருக்கு வாக்குறுதி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மெதுஓட்டத்துக்கு 85 தட்டு (ஒரு தட்டுக்கு இரண்டு அடி வைத்தால் நிமிடத்துக்கு 170 அடி), வேகப் பாய்ச்சல்களுக்கு 130 முதல் 145. துப்பாக்கிக்கு ஐந்து நிமிடம் முன்பு கழற்றிவிட வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து இறங்கும் ஆண்டில் டர்பன்காரர்கள் நள்ளிரவு கழிந்ததும் வாகனம் ஏற வேண்டியிருக்கும். கார்ப் பகுதி நீளும். அதை நிரப்பப் பாட்டைக் கூட்டாமல் தூங்குவது நல்லது. இறக்கத்தில் உசுப்போடு பாய்ந்தால் மாவுச்சத்தோடு தொடைத் தசையும் சேதமாகும், எனவே 3ஐத் தாண்டக் கூடாது.

பலித்ததா என்று பார்ப்பது

முடித்த நேரத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வானிலையும் வயிறும் அதில் கலந்திருக்கும். முதல் 5 கிலோமீட்டர் 7:25க்கும் 7:40க்கும் இடையில் இருந்ததா, ஃபீல்ட்ஸ் ஹில்லில் திட்டமிட்ட இடத்தில் நடந்தாரா, டிரம்மண்டை 5 மணி 30 நிமிடத்தை ஒட்டித் தொட்டாரா என்ற மூன்றும்தான் காலைப் பாட்டின் மதிப்பெண். மூன்றும் சரியாக இருந்து, முடிவுக்கு அருகே வரும் பாலி ஷார்ட்ஸ் ஏற்றத்தில் தளர்ந்தால் காரணத்தைப் பயிற்சியிலும் உணவிலும் தேட வேண்டும். பட்டியலைக் கலைக்க வேண்டியதில்லை.

தேறிய பாட்டுகளை நாள்தோறும் சமையலறையிலும் காரிலும் ஓடவிடக் கூடாது. பழகிப்போனால் அது தரும் நினைவு மங்கும். நீண்ட பயிற்சி நாள் காலையில் மட்டும், ஓட்ட நாளின் அதே வரிசையில் கேளுங்கள். அடுத்தடுத்து இரண்டு பயிற்சிகளில் ஒரு பாட்டு மனநிலை எண்ணை நகர்த்தவில்லை என்றால் அதை எடுத்துவிட்டு, அதே வேகத்தில் அதே நினைவைத் தரும் வேறொன்றை வையுங்கள். காம்ரேட்ஸுக்கு முந்தைய மூன்று வாரங்களில் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம்.